பழைய மில்லை இடித்தால் விஷம் போய்விடுமா?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் வைத்துவிடுகிறேன். தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் ஓர் ஊர். வாய்க்காலை ஒட்டி ஒரு பழைய பஞ்சாலை, மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. செங்கல் புகைபோக்கி, பாய்லர் வீடு, நூற்புக் கூடம், பின்னால் சாயப்பிரிவு எல்லாம் அப்படியே நிற்கின்றன. இடத்தை வாங்கியவர் மொத்தத்தையும் தரைமட்டமாக்கி மனைப்பிரிவு போடப் பார்க்கிறார். ஊரில் ஒரு தரப்பு, மண்ணெல்லாம் விஷம், இடித்து அள்ளினால்தான் சுத்தமாகும் என்கிறது. இன்னொரு தரப்பு, இது ஊரின் அடையாளம், ஒரு செங்கல்லையும் தொடக்கூடாது என்கிறது. இதில் எது சரி, யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், பையன்கள் உள்ளே போய் கிரிக்கெட் ஆடுகிறார்களே பரவாயில்லையா, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பையன்கள் விஷயம் முதலில், ஏனென்றால் அது இன்றைக்கே செய்ய வேண்டியது. முன்வாசல் பக்கத்துத் திடலில் ஆடினால் பெரிய ஆபத்து இருக்க வாய்ப்பில்லை. ஆனால் பாய்லர் வீட்டுக்குள் பந்து போனால் எடுக்கப் போகக்கூடாது, சாம்பல் மேட்டில் ஏறிக் குதிக்கக்கூடாது, டிரான்ஸ்பார்மர் இருந்த கம்பிவேலிக்குள் கால் வைக்கக்கூடாது. இந்த மூன்றையும் இன்றே முள்ளை வெட்டிப்போட்டாவது அடைத்துவிடுங்கள். ஆடிவிட்டு வந்தால் கை கால் முகம் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. சின்னப் பிள்ளைகளுக்கு மண் வழியாக ஈயமும் குரோமியமும் போவது பெரும்பாலும் கையிலிருந்து வாய்க்குத்தான்.

சரி, இப்போது பெரிய கேள்வி. இரண்டு தரப்பும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள் என்பது என் கருத்து. கட்டடமும் விஷமும் ஒன்று என்று இருவருமே நினைக்கிறார்கள், அதனால் ஒருவர் இரண்டையும் அழிக்கச் சொல்கிறார், இன்னொருவர் இரண்டையும் காப்பாற்றச் சொல்கிறார். உண்மையில் கட்டடத்தை இடித்தால் விஷம் போகாது, இடம்தான் மாறும். அதுமட்டுமில்லை, விஷம் எங்கே இருக்கிறது என்பதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே நம்பகமான வரைபடம் அந்தக் கட்டடம்தான். எந்தச் சுவர் ஓரமாகச் சாயத்தண்ணீர் ஓடியது, எந்தத் தளத்தில் எண்ணெய் கொட்டியது, எந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்பதெல்லாம் அந்தத் தரையிலும் சுவரிலும் கறையாகவும் விரிசலாகவும் எழுதியிருக்கிறது. ஜேசிபி ஒரு வாரம் ஓடிவிட்டால் அந்த எழுத்து போய்விடும், அதுவரை நாலைந்து இடத்தில் மட்டும் இருந்த நஞ்சு ஏக்கர் முழுக்கப் பரவிக்கிடக்கும். மாவில் கொட்டிய உப்பைத் திரும்பப் பொறுக்க முடியாது, அதே கதைதான். அப்புறம் அந்த இடிபாடு அங்கேயேயா இருக்கும்? லாரி லாரியாகப் போய் யாரோ ஒருவருடைய மனையில் பள்ளம் நிரப்பும், குளத்தங்கரையில் விழும். இரும்பெல்லாம் காயலான் கடைக்குப் போகும். அங்கே ஈயச் சாயம் பூசிய தூணை கேஸ் கட்டிங்கில் வெட்டுகிறவன் அந்தப் புகையைச் சுவாசிப்பான், அவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு பழைய பஞ்சாலையில் எது எங்கே இருக்கும் என்பது ஓரளவு தெரிந்த விஷயம். பஞ்சை உதறும் புளோரூம், சீவும் கார்டிங், நூற்கும் ஸ்பின்னிங் ஓடிய கூடங்கள் பொதுவாக மோசமில்லை. தூணிலும் ஜன்னலிலும் இருக்கும் பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம், குறிப்பாக இரும்பின்மேல் அடிப்பூச்சாகப் பூசிய சிவப்பு வர்ணத்தில். மிஷின் இருந்த இடத்தில் எண்ணெய் ஊறியிருக்கும். இவ்வளவுதான், இதைச் சமாளிக்கலாம். கவலைப்பட வேண்டியது பின்பக்கம்.

பாய்லர் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் நீராவிக் குழாய்கள்மேல் சாக்குத்துணி சுற்றிச் சுண்ணாம்பு பூசியது போல ஓர் உறை இருக்கும். வளைவுகளில் பிய்ந்து தொங்கும், பிய்ந்த இடத்தில் சாம்பல் வெள்ளையில் மெல்லிய இழை நீட்டிக்கொண்டிருக்கும், கீழே தரையில் அதே நிறத்தில் பொடி. அந்தக் காலத்தில் நீராவிக் குழாய்க்கு உலகம் முழுக்கப் போட்ட உறை பெரும்பாலும் 85 சதவீதம் மக்னீசியா, 15 சதவீதம் ஆஸ்பெஸ்டாஸ். பாய்லர் கதவைச் சுற்றியிருக்கும் கயிறும் அதுதான். கூரையில் போடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் இழை சிமென்ட்டுக்குள் இறுகியிருக்கும், உடைக்காத வரை அவ்வளவு வெளியே வராது. குழாய் உறை அப்படியில்லை, கைபட்டாலே உதிரும், ஒருவர் நடந்துபோனாலே காற்றில் எழும். இதைச் சுவாசித்தால் நோய் நாளைக்கே வராது, 20, 30, 40 வருஷம் கழித்து வரும், அதனால்தான் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. முகத்தில் கட்டும் துண்டோ, ஆஸ்பத்திரியில் போடும் சாதாரண முகக்கவசமோ இதற்குத் துளியும் உதவாது. எடுக்க வேண்டுமானால் அந்த அறையை பிளாஸ்டிக் தாளால் அடைத்து, சோப்புக் கலந்த தண்ணீரைத் தெளித்து உறையை நன்றாக ஊறவைத்து, ஈரத்தோடு வெட்டி, இரட்டைப் பையில் கட்டி, அதற்கான பயிற்சி உள்ள ஆட்கள்தான் எடுக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் போச்சு. கட்டடத்தில் கைவைக்கும் எந்த வேலைக்கும் முன்னால் இது முடிந்திருக்க வேண்டும்.

அடுத்தது டிரான்ஸ்பார்மர் முற்றம். பழைய டிரான்ஸ்பார்மர், கெப்பாசிட்டர் எண்ணெயில் பிசிபி என்ற ரசாயனம் இருக்க வாய்ப்புண்டு. அது எளிதில் எரியாது, மக்காது, உடம்பின் கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும். இந்தியாவில் 2016-ல் உத்தரவு போட்டு, 2025 டிசம்பர் 31-க்குள் இதன் பயன்பாடு முற்றிலும் நிற்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். பழைய பெட்டி இன்னும் அங்கே நின்றால் எண்ணெயைச் சோதிக்காமல் யாருக்கும் விற்கவிடாதீர்கள். அந்த எண்ணெய் எங்கெங்கோ எரிபொருளாகவும் மருந்தெண்ணெயாகவும் கைமாறும்.

சாம்பல் மேட்டைப் பொறுத்தவரை, எரித்தது விறகா நிலக்கரியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விறகுச் சாம்பல் என்றால் பயம் குறைவு. நிலக்கரி என்றால் ஆர்செனிக் முதலான உலோகங்களைச் சோதிக்க வேண்டும். டீசல், பர்னஸ் ஆயில் தொட்டிகள் மண்ணுக்கடியில் புதைந்திருந்தால் அவற்றின் மூடியைத் தேடிக் கண்டுபிடியுங்கள், உள்ளே வாயு நிற்கும், திறந்து எட்டிப்பார்ப்பது ஆளைக் கொல்லும்.

சாயப்பிரிவுதான் எனக்கு எப்போதும் அதிகக் கவலை தருவது. சல்பர் சாயம், வாட் சாயம் போட்டபின் நிறத்தை நிலைநிறுத்த டைகுரோமேட் என்ற ஆரஞ்சு நிற உப்பைப் பயன்படுத்துவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. அதில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோய் தரக்கூடியது, தண்ணீரில் எளிதாகக் கரைந்து ஓடும். மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் அவ்வளவு மோசமில்லை, மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆகவே சோதனைச்சாலையில் "மொத்தக் குரோமியம்" என்று ஓர் எண்ணைக் கொடுத்தால் அதை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், இரண்டையும் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். மண் மஞ்சளாக இருப்பதும், சுவரடியில் மஞ்சள் உப்புப் பூத்திருப்பதும் நல்ல அறிகுறி இல்லை. இதைப் பார்க்க ராணிப்பேட்டைக்குப் போனால் போதும். அங்கே சிப்காட்டில் மூடிப்போன ஒரு குரோமேட் தொழிற்சாலை ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவை வெட்டவெளியில் விட்டுச்சென்றது. ஆலை மூடியது 1990-களில், இன்றைக்கும் மழை பெய்தால் அது நிலத்தடி நீரில் இறங்குகிறது. உங்கள் மில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஆனால் வேதியியல் அதேதான்.

நம் பக்கத்து நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆற்றோரத்தில் மேலே வண்டல், கீழே சரளை, அதற்கும் கீழே பாறை. பாறைக்குள் தண்ணீர் சல்லடை மாதிரி சீராக இறங்காது, வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஓடும். அதனால் மில் சுவரை ஒட்டிய கிணறு நன்றாக இருந்து, நாலு வயல் தள்ளி இருக்கும் கிணறு கெட்டிருக்க முடியும். டீசலும் பர்னஸ் ஆயிலும் தண்ணீர்மேல் மிதக்கும். ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் எடுக்கப் பயன்படுத்திய டிரைகுளோரோஎத்திலீன் போன்றவை தண்ணீரைவிடக் கனம், வெடிப்புக்குள் அடிவரை போய் உட்கார்ந்துகொள்ளும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதையும், ஆறு கரையை மீறி ஊருக்குள் வந்ததையும் நாம் யாரும் மறக்கவில்லை. அந்த மாதிரி ஒரு வெள்ளம் திறந்துகிடக்கும் சாம்பல் மேட்டிலும் சாயத்தொட்டியிலும் புகுந்தால் அது போய்ச்சேரும் இடம் ஶ்ரீவைகுண்டம் வரைக்கும் உள்ள வயலும் குடிநீர்க் கிணறும்தான். இடிக்காதே என்று சொல்கிறவர்கள் இதையும் நினைத்துப்பார்க்க வேண்டும். தொடாமல் விட்டால் காப்பாற்றியதாக ஆகாது.

எங்கே தேடுவது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மண்ணைத் தோண்டுவதற்கு முன்னால் காகிதத்தையும் ஆட்களையும் தேட வேண்டும். மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஆலையை நடத்த மில் வாங்கிய அனுமதியின், அதாவது இசைவாணையின், கோப்பில், ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவுநீர், எந்த வழியாக, எங்கே விட்டார்கள் என்று நிர்வாகமே எழுதிக்கொடுத்திருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் அனுமதித்த கட்டட வரைபடம் இருக்கலாம், பாய்லர் ஆய்வாளரிடம் எந்த வருஷம் எந்த பாய்லர் என்ற பதிவு இருக்கலாம். தாலுகாவில் நில அளவை வரைபடமான புலப்பட நகலை எடுத்து, பழைய வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது, இப்போது தூர்ந்துபோய் யார் மனைக்கு அடியில் கிடக்கிறது என்று ஒத்துப்பாருங்கள்.

ஆனால் காகிதத்தில் இல்லாதது மில்லில் வேலை பார்த்தவர்களிடம் இருக்கிறது. மேனேஜரைத் தேடாதீர்கள், அவருக்கு ஆபீஸ்தான் தெரியும். ஆயில்மேன், பாய்லர் பயர்மேன், பிட்டர், சாயப்பிரிவில் தொட்டி கழுவியவர், இவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு காலை நேரத்தில் மில்லைச் சுற்றி நடங்கள், அவர்கள் பேசுவதை ரெக்கார்டு பண்ணிக்கொள்ளுங்கள். இப்படி நடந்தபோது ஒரு பெரியவர் என்னிடம், "அண்ணாச்சி, அந்தச் சுவரோரம் எத்தனை வேப்பங்கன்னு வச்சாலும் பட்டுத்தான் போவும். ராத்திரி ஷிப்ட்ல தொட்டி கழுவுன தண்ணிய அங்கனதான் தொறந்து விடுவோம்" என்றார். வரைபடத்தில் அந்த இடம் தோட்டம் என்று இருந்தது. சோதனை செய்ததில் அந்த வளாகத்திலேயே அதிகமாகக் குரோமியம் இருந்தது அந்தச் சுவரோரத்தில்தான். இந்த ஆட்கள் எல்லாம் எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். மில் சங்கு ஊதிய நேரம், கூலி, வேலைநிறுத்தம் என்று அவர்கள் சொல்லும் மற்றதெல்லாம்கூட நாளைக்கு அங்கே ஓர் அருங்காட்சியகம் வந்தால் அதற்கு உயிர் கொடுக்கப்போவது. ஒரே நடையில் சுத்திகரிப்புக்கும் வரலாற்றுக்கும் வேண்டியது கிடைக்கிறது, இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாதிரி எடுப்பதில் ஒன்றிரண்டு விஷயம். மேல் மண்ணை மட்டும் எடுத்தால் போதாது, அரையடி, இரண்டடி, நாலடி என்று ஆழம் மாற்றி எடுக்க வேண்டும். மில்லுக்கு மேற்கே, தண்ணீர் வரும் பக்கத்தில், சம்பந்தமே இல்லாத ஒரு வயலிலும் எடுக்க வேண்டும், அப்போதுதான் இயல்பாகவே நம் மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். கையில் பிடித்துச் சுடும் எக்ஸ்ரே கருவியை வாடகைக்கு எடுத்தால் ஈயம், துத்தநாகம், ஆர்செனிக், மொத்தக் குரோமியம் எல்லாம் நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும், எந்த மூலையில் ஆழமாகப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுக்க அது போதும். எண்ணெய், பிசிபி, ஆறு இணைதிறன் குரோமியம் இதற்கெல்லாம் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஶ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. அங்கே போய்ப் பேசிப்பாருங்கள், மாணவர்களுக்கு ஆய்வேடாக இந்த மாதிரி இடம் கிடைப்பது அபூர்வம்.

அடுத்து எல்லோரும் தவறவிடும் ஒன்று. எவ்வளவு சுத்தம் செய்ய வேண்டும் என்பது அந்த இடத்தில் பிறகு என்ன வரப்போகிறது என்பதைப் பொறுத்தது. வீடு கட்டி, கிணறு வெட்டி, பின்கட்டில் கீரை போட்டு, குழந்தை மண்ணில் தவழும் என்றால் அதற்கு வேண்டிய அளவு வேறு. மேலே தளம் போட்டு, மக்கள் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகும் இடம் என்றால் வேறு. அளவுகளும் கல்லில் வெட்டியவை இல்லை. அமெரிக்காவில் குடியிருப்பு மண்ணில் ஈயம் 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) வரை போனால்தான் கவனிக்க வேண்டும் என்று பல வருஷம் வைத்திருந்து, 2024 ஜனவரியில் அதை 200-ஆகக் குறைத்தார்கள். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையில், 2001-ல் மூடிய பிறகு, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று அளவு வைத்ததற்கு, சோலைக்காட்டின் தலைமாட்டில் இருக்கும் இடத்துக்கு இது போதாது என்று வருஷக்கணக்காகச் சண்டை நடந்தது. ஆக, மனைப்பிரிவுதான் இருப்பதிலேயே அதிகச் சுத்தம் கேட்கும் உபயோகம், அதனால் அதிகச் செலவும் அதற்குத்தான். அதைச் செய்யாமல் மனை விற்றால் செலவை வாங்குகிறவன் தலையில், அவன் பிள்ளையின் உடம்பில் ஏற்றுகிறோம் என்று அர்த்தம். இடத்தை வாங்கியவரிடம் இந்தக் கணக்கைப் பொறுமையாகப் போட்டுக்காட்டுங்கள். சாயப்பிரிவும் பாய்லர் வீடும் இருக்கும் பின்பகுதியைப் பழைமைக்காக ஒதுக்கிவிட்டு, சோதனையில் சுத்தம் என்று வந்த முன்பகுதியில் அவர் கட்டிக்கொள்வது அவருக்கே லாபமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

வெளியில் இதை எப்படிச் செய்தார்கள் என்றால், ஜெர்மனியில் டூயிஸ்பர்க் நகரத்தில் 1985-ல் மூடிய ஒரு பெரிய இரும்பாலையை இடிக்காமலே பூங்காவாக்கினார்கள், 1994-ல் திறந்தார்கள். பீட்டர் லாட்ஸ் என்பவர் வடிவமைத்தது. மிக மோசமான மண்ணை ஊரைவிட்டு லாரியில் ஏற்றவில்லை, அங்கேயே இருந்த பழைய கான்கிரீட் சேமிப்புத் தொட்டிகளுக்குள் போட்டு மூடி முத்திரையிட்டார்கள். அழுக்குத் தண்ணீரைப் பூமிக்கடியில் குழாயில் தள்ளிவிட்டு, பழைய கழிவுநீர்க் கால்வாயில் மழைத்தண்ணீரை ஓடவிட்டார்கள். வாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி இன்று அதில் முக்குளிப்புப் பயிற்சி நடக்கிறது. ஆலையின் உறுப்புகளே சுத்திகரிப்புக்குக் கருவியானதுதான் அதில் எனக்கு மிகவும் பிடித்தது.

சியாட்டிலில் இருக்கும் எரிவாயு ஆலைப் பூங்கா இன்னொரு பாடம். 1906 முதல் 1956 வரை நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வாயு எடுத்த இடம், 1975-ல் ஆலைக் கோபுரங்களோடே பூங்காவானது. மண்ணில் உயிர்ப்பொருளைக் கலந்து உழுது, நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்னும்படி செய்தார்கள், அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான யோசனை. ஆனால் தார் விடவில்லை, 1984-ல் பூங்காவைக் கொஞ்ச காலம் மூடிச் சோதிக்க வேண்டிவந்தது, அதன் பிறகும் மேல்மூடி போடுவதும் மண்ணுக்குள் காற்றுச் செலுத்துவதும் தொடர்ந்தது. ஒரு தடவை சுத்தம் செய்து ரிப்பன் வெட்டினால் முடிந்தது என்று எண்ணக்கூடாது, வருஷாவருஷம் தண்ணீரைச் சோதிக்கும் செலவை முதலிலேயே எடுத்துவைக்க வேண்டும்.

நம் நாட்டில் போபாலை நினைக்காமல் இதைப் பேச முடியாது. 1984-ல் அந்த ராத்திரி விஷவாயு கசிந்த இடம், துருப்பிடித்த கோபுரம் இன்னும் நிற்கிறது, அது நினைவிடமாக நிற்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கொட்டகையில் கட்டிவைத்திருந்த 337 டன் கழிவை 2025 ஜனவரி பிறந்த அன்று இரவில்தான் 12 கன்டெய்னர்களில் பீதம்பூருக்கு ஏற்றினார்கள், அங்கே ஊர்மக்கள் எதிர்த்தார்கள், அப்புறம் எரித்தார்கள். நாற்பது வருஷம். ஆலை மண்ணிலும் சுற்றியுள்ள நிலத்தடி நீரிலும் ஊறிய நஞ்சு அந்த 337 டன் கணக்கில் சேராது. பாதுகாப்பதா அகற்றுவதா என்று யாரும் முடிவெடுக்காமல் விட்டால் இரண்டுமே நடக்காது என்பதற்கு இதைவிட வேதனையான உதாரணம் இல்லை.

எதைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டால், எல்லாவற்றையும் என்று சொல்லமாட்டேன். பின்னாளில் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைகளை முறையாகக் கழற்றிவிடலாம், இழப்பில்லை. புகைபோக்கி, பாய்லர் வீடு, பாய்லரோடு சேர்த்து, வார்ப்பிரும்புத் தூண்களும் ரம்பப்பல் கூரையும் உள்ள நூற்புக் கூடத்தில் ஒரு பகுதி, தண்ணீர் வந்துபோன வாய்க்கால் மதகு, இவை இருந்தால் பஞ்சு எப்படி நூலாயிற்று என்பது பார்க்கிறவனுக்குப் புரியும். புகைபோக்கி விழுந்துவிடும் என்று எல்லா ஊரிலும் பயமுறுத்துவார்கள். சாய்வை அளந்து பார்க்காமல் அதை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அதைக் கெடுப்பது உச்சியில் முளைத்த அரசும் ஆலும்தான். வேரைப் பிடுங்கி இழுத்தால் செங்கல்லும் கூட வரும், வெட்டிவிட்டு வேருக்கு மருந்து வைத்துக் காயவிட வேண்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டியதைச் சிமென்ட்டால் பூசிவிடாதீர்கள், சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், உப்புப் பூத்துச் செங்கல் முகம் உரியும். உள்ளே இருக்கும் கரியை அப்படியே தட்டிவிடக்கூடாது, அதிலும் நச்சு உண்டு. இரும்புத் தூணை மணல் பீய்ச்சிச் சுரண்டினால் ஈயச் சாயம் தூளாகித் தெருவெல்லாம் பறக்கும். சுரண்டாமல் மேலே பூச்சு கொடுத்து அடக்கிவிடுவது பல இடங்களில் போதும், பழைய நிறமும் அடியில் அப்படியே இருக்கும்.

நம் சீமையில் மில் சுவருக்கு இன்னொரு பெறுமதியும் இருக்கிறது. ஹார்வி சகோதரர்கள் 1880-களில் பாபநாசத்தில் மில் தொடங்கியது மலையிலிருந்து விழும் தண்ணீரின் விசையை நம்பி. தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரியில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள், கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது. மார்ச்சில் இருவரையும் கைது செய்ததும் திருநெல்வேலியே எழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். இந்த நாட்டில் தொழிலாளி என்று ஒருவன் தலைநிமிர்ந்த கதையில் நம் மில்களுக்கு இடம் உண்டு. உங்கள் ஊர் மில் அவ்வளவு பேர்பெற்றதாக இல்லாமல் இருக்கலாம், அதில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களும் அதே வரிசையில் வருகிறவர்கள்தான். மண்ணில் கலந்த விஷமும் அவர்கள் கதையில் ஒரு பகுதி, அருங்காட்சியகம் வந்தால் அதையும் மறைக்காமல் எழுதிவைக்க வேண்டும்.

யாரைப் பார்ப்பது? மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும், மாநில வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வும் அடுத்த 90 நாளில் விரிவான ஆய்வும் செய்ய வேண்டும், மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும், அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அரசு ஏற்க வேண்டும். ஆகவே கலெக்டரிடம் கொடுக்கும் மனுவில், இந்த விதிகளின்கீழ் எங்கள் ஊர் இடத்தைப் பட்டியலில் சேருங்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள், பொதுவாக நடவடிக்கை எடுங்கள் என்று எழுதினால் அது கட்டோடு கட்டாகப் போய்விடும். கிராம சபையில் தீர்மானம் போட்டு நகலை இணையுங்கள். மனைப்பிரிவு அனுமதி நகர் ஊரமைப்பு இயக்ககம் வழியாகத்தான் போக வேண்டும், மண் சோதனை அறிக்கை வராமல் அனுமதி கொடுக்கக்கூடாது என்று அங்கேயும் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். இங்கெல்லாம் நகரவில்லை என்றால் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. தொல்லியல் துறையை நம்பி மட்டும் உட்காராதீர்கள். மாநிலத்தில் 1966-ம் ஆண்டுச் சட்டமும் மத்தியில் 1958-ம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன, மத்தியச் சட்டம் நூறு வயது கேட்கும், ஆலைக்கட்டடம் என்றாலே கோயில் கோபுரத்துக்குக் கிடைக்கும் மரியாதை கிடைக்காது. மாசு விதியில் போய் நின்றால் இடிப்பதே தற்காலிகமாக நிற்க வாய்ப்புண்டு, அந்த அவகாசத்தில் பழைமைக்கான வழியைப் பாருங்கள்.

பத்திரத்தில் ஒன்று. வில்லங்கச் சான்றில் மண்ணின் விஷம் தெரியாது. மூடிவைத்த பகுதியில் கிணறோ போரோ போடக்கூடாது, தளத்தை உடைக்கக்கூடாது என்ற நிபந்தனையைப் பதிவு செய்த ஆவணமாகவே எழுதிவைத்தால்தான் அடுத்தடுத்து வாங்குகிறவர்களுக்குத் தெரியவரும்.

கடைசியாகக் கிணற்றுத் தண்ணீர். மில்லுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கும் கிணறுகளையும் போர்களையும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, மார்கழி முடிந்து ஒரு தடவை சோதியுங்கள், மழையில் அளவு ஏறுவதும் இறங்குவதும் மாசு எங்கிருந்து வருகிறது என்று காட்டிக்கொடுக்கும். முதல் அறிக்கை கைக்கு வரும்வரை அந்தக் கிணறுகளில் குளிக்கலாம், தண்ணீர் மஞ்சளாகவோ எண்ணெய் மினுமினுப்போடோ இருந்தால் அதுவும் வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் ஊராட்சிக் குழாய்த் தண்ணீரை எடுங்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், குரோமியமும் ஈயமும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும்.